வந்த பொதி சேராமை: லினக்ஸ் முறைமையிற் பழுதறிதல் பற்றி ஓர் ஆராய்வு

கணினி வலையமைப்பைக் கையாள்வோர் அடிக்கடி கூறும் முறைப்பாடுகளுள் ஒன்று, "பொதி வரவில்லை" என்பது. சொல் இரண்டேயாயினும் இதனுள் அடங்கிய பொருள் பல. அனுப்புவோன் அனுப்பவில்லை என்பது ஒரு பொருள். அனுப்பியது வழியில் மாய்ந்தது என்பது ஒரு பொருள். வாயில்வரை வந்தது உள்ளே விடப்படவில்லை என்பது ஒரு பொருள். உள்ளே விடப்பட்டதை உரியவன் கேட்டு வாங்கவில்லை என்பது மற்றொரு பொருள். இவை நான்கும் வெளிக்கு ஒன்றுபோலவே தோன்றும். திரையில் ஒன்றும் எழுதப்படாது, அவ்வளவே. எழுத்தில்லாத அத்திரையைக் கொண்டு இந்நான்கினுள் எது நிகழ்ந்ததெனத் துணிதல் எங்ஙனம் என்பதே ஈண்டு ஆராயப்படும்.

எமது கணினிக் கூடத்தில் நிகழ்ந்த ஒன்றை முதலிற் கூறுதல் நன்று. ஏனெனில் அதிற் பிழைபட்டவன் யானே. உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன், தோட்டத்தில் வெப்பநிலையையும் ஈரப்பதனையும் அளக்கும் சிறிய உணரிக் கருவிகள் மூன்றினை நிறுவி, அவை பத்து வினாடிக்கு ஒருமுறை தம் அளவீட்டைப் பொதியாக்கிக் கூடத்திலுள்ள லினக்ஸ் கணினி ஒன்றுக்கு அனுப்புமாறு அமைத்தான். அவற்றை வாங்கி எழுதுதற்குப் பைதன் மொழியிற் பதினெட்டு வரியில் ஒரு செய்நிரலும் இயற்றினான். செய்நிரல் ஓடிற்று, பிழைச் செய்தி ஒன்றுந் தரவில்லை, ஓர் அளவீட்டையேனும் எழுதவுமில்லை. யான் சென்று, பொதிகளை ஒற்றுப்பார்க்குங் கருவியை அக்கணினியில் இயக்கினேன். மூன்று உணரிகளின் பொதிகளும் ஒழுங்காக வந்துகொண்டிருத்தல் கண்டேன். கண்ட அளவிலே, "பொதி வருகிறது, ஆகவே பிழை உன் செய்நிரலிலேதான்" என்று தீர்ப்புக் கூறிவிட்டேன். "பக்கத்துக் கணினியிலிருந்து அனுப்பினால் வாங்குகிறதே, சேர்" என்றான் அவன். அச்சொல்லை யான் பொருட்படுத்தவில்லை. அவன் செய்நிரலை இருமுறை வேறாக மாற்றி எழுதினான். இரண்டும் முதலாவது போலவே வாய்மூடியிருந்தன. செயற்றிட்டப் பதிவில், "செய்நிரல் இயங்கவில்லை" என்று எழுதி அதற்கேற்பப் புள்ளியுங் குறைத்தேன்.

யான் கண்டதும் உண்மை. அவன் சொன்னதும் உண்மை. பிழை, கண்டதிலிருந்து யான் கருதியதில் இருந்தது. அதனை விளக்குதற்குப் பொதி என்பது யாது, அஃது எவ்வழியாற் செய்நிரலைச் சென்றடைகின்றது என்பவற்றை அறிதல் வேண்டும்.

வலையமைப்பில் ஒரு கணினி மற்றொன்றுக்கு அனுப்பும் தரவு சிறு சிறு கூறுகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு கூறும் அனுப்புவோன் முகவரி, பெறுவோன் முகவரி ஆகியன பொறித்த உறையுள் இடப்பட்டுச் செல்லும். அவ்வுறையிட்ட கூறே பொதி. ஒரே கணினியிற் பல செய்நிரல்கள் இயங்குமாகலின், எச்செய்நிரலுக்கு உரியதெனக் காட்டுதற்கு உறையில் இன்னோர் எண்ணும் இருக்கும். அதனைத் துறை என்பர். ஒரே துறைமுகத்தில் வெவ்வேறு கலங்கள் தத்தமக்கு உரிய துறையிற் கட்டப்படுதல் போல என்று கொள்க. இவ்வெண் 16 பிற்று அளவினதாகையால் 65,535 வரை செல்லும்.

எம் மாணவனின் உணரிகள் கையாண்ட நெறிமுறை யூ.டி.பி. எனப்படுவது. ஜொன் போஸ்ரெல் என்பார் 1980 ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதத்தில் அதனை ஆர்.எஃப்.சி. 768 என்னும் ஆவணத்தில் வரையறுத்தார். அவ்வாவணம் மூன்றே பக்கத்தில் முடிவது. இன்று வலையமைப்பு நூல்களின் பருமனைக் காண்பார்க்கு அச்சுருக்கம் பொறாமை விளைக்கும். உறையின் மேல் எட்டுப் பைற்று மட்டுமே இந்நெறிமுறை எழுதும்: புறப்பட்ட துறை, சேருந் துறை, நீளம், சரிபார்ப்புத் தொகை. பெற்றுக்கொண்டேன் என்னும் மறுமொழி இதில் இல்லை. பெறாவிடின் மீள அனுப்புதலும் இல்லை. ரி.சி.பி. என்னும் மற்றை நெறிமுறை பதிவுத் தபாலை ஒத்தது. கையொப்பம் வராவிடின் அனுப்பியவன் அறிவான். யூ.டி.பி. தபாற் பெட்டியில் இட்ட அஞ்சலட்டை. சேர்ந்ததோ சேரவில்லையோ, அனுப்பியவன் தன்பாட்டில் அடுத்ததை எழுதிக்கொண்டிருப்பான். அதனாற்றான் இதில் நிகழும் இழப்பு ஓசையற்றதாய் உள்ளது.

இனி, வந்த பொதி உட்செல்லும் வழியைக் காண்பாம். பொதி முதலில் வலையமைப்பு அட்டையை அடைகின்றது. அட்டை, உறையின் வெளிமுகவரி தனக்குரியதோ என்று பார்க்கும். அன்றெனின் அங்கேயே விட்டுவிடும். உரியதாயின் லினக்ஸ் முறைமையின் உயிர்நிலையாகிய கருனியிடம் ஒப்படைக்கும். கருனி அதனை எடுத்தவுடன், ஒற்றுப்பார்க்குங் கருவி ஏதேனும் காத்திருப்பின் அதற்கு ஒரு படியைக் கொடுத்துவிடுகின்றது. அதன்பின்னரே தீச்சுவரின் முதல் வாயில். அதனைக் கடந்தபின், இப்பொதி இக்கணினிக்கே உரியதோ, வேறிடத்துக்கு அனுப்பத்தக்கதோ, அன்றி ஏற்கவே தகாததோ என்னும் வழித்தீர்மானம் செய்யப்படும். இக்கணினிக்கு உரியதெனின் தீச்சுவரின் இரண்டாம் வாயில் வரும். அதன்பின் யூ.டி.பி. பகுதி சரிபார்ப்புத் தொகையை நோக்கி, சேருந் துறையில் யாரேனும் காத்திருக்கின்றனரோ என்று தேடும். காத்திருக்கும் செய்நிரல் கருனியிடம் பெற்றுவைத்த வாயிலுக்குச் சொக்கெற் என்று பெயர். 1983 இல் வெளிவந்த பெர்க்கிலி யூனிக்ஸ் 4.2 வழியாகப் பரவிய ஏற்பாடு அது. ஒவ்வொரு சொக்கெற்றுக்கும் ஒரு கொள்கலம் உண்டு. அதிற் பொதி இடப்பட்டபின், செய்நிரல் தான் வேண்டும்போது கேட்டு எடுத்துக்கொள்ளும்.

இவ்வரிசையில் நேயர்கள் கூர்ந்து நோக்கவேண்டியது, ஒற்றுப்பார்க்குங் கருவி நிற்கும் இடம். அஃது ஏறத்தாழ வெளிவாயிலிலேயே நிற்கின்றது. அக்கருவிக்கு ரீ.சீ.பீ. டம்ப் என்று பெயர். அமெரிக்காவின் லோறன்ஸ் பெர்க்கிலி ஆய்வுகூடத்தில் 1988 ஆம் ஆண்டளவில் வான் ஜேக்கப்சன், கிறேக் லெறஸ், ஸ்ரீவன் மக்கான் ஆகியோர் அதனை ஆக்கினர். இன்றும் இத்துறையில் அதனை மிஞ்சிய கைக்கருவி அரிது. ஆயினும் அது சான்று கூறுவது ஒன்றற்கு மாத்திரமே: பொதி கணினியின் வாயிலை அடைந்தது. உள்ளிருக்கும் வாயில்கள் அதனை விட்டனவோ, உரியவன் கையிற் சேர்ந்ததோ என்பவற்றை அஃது அறியாது. வாயிற்காவலன் "கடிதம் வந்தது" என்று சொன்னான் என்பதற்காக, வீட்டுக்காரன் படித்தும் மறைக்கின்றான் என்று குற்றஞ்சாட்டலாகுமா? யான் செய்தது அதுவே.

உள்வரும் பொதியிற்கு இஃது. வெளிச்செல்லும் பொதியிற்கு முறை தலைகீழ். அங்கே தீச்சுவரைக் கடந்த பின்னரே ஒற்றுக்கருவி பார்க்கும். ஆகவே அனுப்புங் கணினியில் நின்று பார்த்து ஒன்றுங் காணாவிடின், அனுப்புஞ் செய்நிரல் அனுப்பவில்லை என்று துணிதல் தவறு. அக்கணினியின் தீச்சுவரே தடுத்திருக்கலாம். இவ்வேறுபாட்டை அறியாமல் இரு கணினிகளிலும் ஒரே வகையாகக் கருதி மயங்குவோர் பலர்.

ஒற்றுக்கருவியின் மற்றோர் இயல்பும் அறியத்தக்கது. அஃது இயங்கத் தொடங்கும்போது அட்டையை "யாருக்கு வந்ததாயினும் எடு" என்னும் நிலைக்கு மாற்றிவிடுகின்றது. இதனால் இரு மயக்கங்கள் விளையும். ஒன்று, பிறர்க்கு உரிய பொதியும் எமக்கு வந்ததுபோலத் தோன்றும்; அவற்றைக் கருனி பின்னர்த் தள்ளிவிடும். மற்றையது விந்தையானது. குழுமுகவரிக்கு அனுப்பப்படும் பொதிகளை அட்டை தானே வடித்துத் தள்ளிவிடுமாயின், ஒற்றுக்கருவி இயங்கும் வரையிற் செய்நிரல் அவற்றைப் பெறும். கருவியை நிறுத்தியதும் பெறாது. பார்க்கும்போது நலமாகவும் பாராதபோது நோயாகவும் இருக்கும் நோயாளி போல்வது இது. இம்மயக்கந் தீரவேண்டின், அட்டையை அந்நிலைக்கு மாற்றாமலே பார் என்று கருவிக்குக் கட்டளையிடலாம். சிறிய பீ எழுத்தாலான தெரிவு அதற்கென உள்ளது.

இனிக் காணாமையைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தியத் தருக்க மரபிற் பாட்ட மீமாஞ்சகர் காணாமையையும் ஓர் அளவையாகக் கொண்டு அதனை அனுபலப்தி என்றனர். ஆயின் அதற்கு ஒரு நிபந்தனையும் விதித்தனர்: இருந்திருப்பின் காணப்பட்டிருக்கும் என்னும் நிலையிலேயே காணாமை இன்மைக்குச் சான்றாகும். இருண்ட அறையிற் குடத்தைக் காணாமை, குடம் இல்லை என்பதற்குச் சான்றன்று. வலையமைப்பிற் பழுதறிவோர் இந்நிபந்தனையை மறத்தலாகாது. "ஒன்றும் வரவில்லை" என்று கூறுமுன், வந்திருப்பின் யான் நிற்கும் இடத்திலிருந்து அது தெரியுமோ என்று கேட்டல் வேண்டும். ஒற்றுக்கருவி ஓர் இடைமுகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கப் பொதி வேறோர் இடைமுகத்தால் வந்தால் தெரியாது. 1,500 பைற்றை மிஞ்சிய தரவு ஈதர்நெற் வழியே துண்டுகளாக வரும். துறை எண் முதல் துண்டில் மட்டுமே இருத்தலால், துறை எண்ணைக் கொண்டு வடித்துப் பார்ப்போனுக்கு ஏனைய துண்டுகள் தெரியா.

செய்நிரலின் பக்கத்தே உள்ள பிழைகளைச் சுருங்கக் கூறுவாம். இவை எளியன, முதலில் நோக்கத்தக்கனவும் இவையே. எஸ்.எஸ். என்னும் கட்டளை, எந்தச் செய்நிரல் எந்த முகவரியில் எந்தத் துறையிற் காத்திருக்கின்றது என்பதை வரிசையாகக் காட்டும். அங்கே 127.0.0.1 என்னும் முகவரி காணப்படின், செய்நிரல் தன் கணினிக்குள் இருந்து வருவனவற்றை மட்டுமே கேட்கின்றது. வெளியாரின் சொல் அதன் செவியில் விழாது. பாடநூல் எடுத்துக்காட்டுகளை அப்படியே பார்த்தெழுதும் மாணாக்கரிடம் இப்பிழை மிகுதி. எல்லா இடைமுகத்திலும் கேட்பதெனின் 0.0.0.0 என்று இருக்கும். இரண்டாவது, துறை எண்ணின் பைற்று ஒழுங்கு. சீ மொழியில் எழுதுவோர் எண்ணை வலையமைப்பு ஒழுங்கிற்கு மாற்ற மறந்தால், 5000 ஆம் துறையிற் காத்திருப்பதாக எண்ணிக்கொண்டு 34835 ஆம் துறையிற் காத்திருப்பர். பதினாறின் அடியில் 5000 என்பது 1388. அதன் இரு பைற்றும் இடம்மாறின் 8813. அதன் பெறுமானம் 34835. இவ்வொழுங்குகளின் பெயர் வந்த கதை சுவையானது. ஜொனதன் சுவிஃப்ற் 1726 இல் வெளியிட்ட கலிவரின் யாத்திரையில், முட்டையைப் பருத்த முனையில் உடைப்பதா சிறுத்த முனையில் உடைப்பதா என்று குள்ளர் நாட்டார் பகை கொள்வர். டானி கோகன் என்னும் கணினி அறிஞர் 1980 ஏப்பிறில் முதலாந் தேதியிட்ட கட்டுரையில் அக்கதையைக் கொண்டு, பைற்று ஒழுங்குபற்றிப் பூசலிடுவோர்க்கு அப்பெயர்களையே சூட்டினார். ஆங்கில இலக்கியம் கற்பிக்கும் நண்பர்கள் இதனைக் கேட்டு மகிழ்வர்.

மூன்றாவது, ஒரே துறையிற் பகிர்ந்து கேட்க இடந்தரும் ஏற்பாடு. 2013 இல் வெளிவந்த 3.9 ஆம் கருனி முதல் இஃது உள்ளது. அதனைக் கையாளும் செய்நிரலின் பழைய படி ஒன்று பின்னணியில் அணையாமற் கிடப்பின், வரும் பொதிகளில் ஒரு பங்கை அதுவே விழுங்கிவிடும். நான்காவது, சொக்கெற்றை ஒரு குறித்த மறுமுனையோடு பிணைத்துவிட்டால் அம்முகவரியிலிருந்து வருவன தவிர மற்றெதுவும் அதற்குக் கொடுக்கப்படமாட்டா. ஐந்தாவது, செய்நிரல் வேறெங்கோ தடைப்பட்டு நின்று, வாங்கும் படிக்கே வராதிருத்தல். எஸ்-ட்ரேஸ் என்னும் கருவி, செய்நிரல் கருனியிடம் செய்யும் ஒவ்வொரு வேண்டுகோளையும் எழுதிக்காட்டும். "வாங்கித் தா" என்னும் வேண்டுகோளிற் காத்து நிற்பதாக அது காட்டின், செய்நிரல் தன் கடமையைச் செய்துகொண்டே இருக்கின்றது. கொடுப்பாரில்லை என்று துணியலாம். எம் மாணவனின் செய்நிரல் அப்படியே நின்றது என்பதைப் பின்னரே பார்த்தேன். முதல் நாளிலே பார்த்திருப்பின் அவனுக்கு இரு முறை எழுதும் வேலை நேர்ந்திராது.

செய்நிரல் குற்றமற்றது, பொதி வாயிலை அடைந்தது. ஆகவே குற்றம் இடையில் உள்ளது. இடையில் எங்கே? ஈண்டுப் பலரும் செய்வது போலவே யானுஞ் செய்தேன்: தீச்சுவரை முற்றாக அணைத்தேன். பயனில்லை. அணைத்ததை மீள ஏற்ற இரு நாள் மறந்தும் போனேன். அந்நாட்களிற் கூடத்துக் கணினி காவலின்றிக் கிடந்தது. எதையேனும் மாற்றிப் பார்த்தல் ஆராய்ச்சியன்று. மாற்றாமலே கேட்டறியும் வழி உளதாயின் அதனையே முதலிற் கொள்ளல் வேண்டும்; கருனியோ கேட்பார்க்குச் சொல்லக் காத்திருக்கின்றது.

கருனி கணக்கெழுதும் இயல்புடையது. வந்த பொதி எத்தனை, துறையில் ஆளில்லாமல் தள்ளியது எத்தனை, சரிபார்ப்புத் தொகை பிழைத்தமையாற் கழித்தது எத்தனை, கொள்கலம் நிரம்பியமையாற் கொட்டியது எத்தனை என்று தனித்தனிப் பேரேடு வைத்திருக்கின்றது. என்-ஸ்ரற் என்னும் கட்டளையால் அவற்றை எடுக்கலாம். முறை எளிது. பேரேட்டை ஒருமுறை பார்த்து எழுதிக்கொள்க. குறித்த தொகையான பொதிகளை அனுப்புவிக்க. இருபது என்று வைத்துக்கொள்வோம். மீண்டும் பேரேட்டைப் பார்க்க. எந்தக் கணக்கு ஏறத்தாழ இருபதால் ஏறிற்றோ அங்கே பொதிகள் விழுந்தன. ஆளில்லாத் துறைக் கணக்கு ஏறினால் துறை எண்ணையோ முகவரியையோ நோக்குக. கொள்கலக் கணக்கு ஏறினால், செய்நிரல் எடுக்கும் வேகம் வரும் வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. பெரும்பாலான 64 பிற்றுக் கணினிகளில் அக்கொள்கலத்தின் இயல்பான அளவு 212,992 பைற்று மட்டுமே. தீச்சுவரின் விதிகளுக்குந் தனித்தனிக் கணக்கு உண்டு. 2022 இல் வந்த 5.17 ஆம் கருனி முதல், ஒரு பொதியை எறியுங்கால் எறிந்த காரணத்தையும் கருனி குறித்துக்காட்டத் தொடங்கியது. பின்வந்த பதிப்புகளில் அக்காரணங்கள் பெருகின. பழைய முறைமையில் இரவெல்லாம் விழித்துத் தேடியோர் இதனைப் பெரும் வரமாகக் கருதுவர்.

இம்முறையை எம் கூடத்துக் கணினியிற் செய்தபோது யூ.டி.பி. கணக்குகளில் ஒன்றேனும் ஏறவில்லை. வந்த பொதிகளின் மொத்தக் கணக்கு மட்டும் ஏறிற்று. தீச்சுவரின் முதல் வாயிலில் வைத்த எண்ணும் விதி பொதிகளைக் கண்டது. இரண்டாம் வாயிலில் வைத்தது ஒன்றையுங் காணவில்லை. ஆகவே பொதிகள் இவ்விரு வாயில்களுக்கும் இடையே மாய்ந்தன. அவ்விடையில் உள்ளது வழித்தீர்மானம் ஒன்றே. பேரேட்டை மீண்டும் நோக்கியபோது, அதுவரை யான் கண்ணோட்டமிடாத ஒரு வரியில் எண் ஏறிக்கொண்டிருந்தது. மீள்வழி வடி என்பது அதன் பொருள்.

மீள்வழி வடி என்பது யாது? ஒரு பொதி வந்தவுடன், "இதனை அனுப்பியவனுக்கு யான் மறுமொழி அனுப்புவதாயின் எந்த இடைமுகத்தால் அனுப்புவேன்?" என்று கருனி தன்னையே கேட்டுக்கொள்ளும். வந்த இடைமுகமும் மறுமொழி செல்லும் இடைமுகமும் ஒன்றாயின் ஏற்கும். வேறாயின், இம்முகவரி பொய்யாக எழுதப்பட்டிருக்கலாம் என்று ஐயுற்றுப் பொதியை எறிந்துவிடும். ஆர்.பி. பில்ரர் என்பது இதனை ஆளும் அமைப்பின் பெயர். அதன் பெறுமானம் 0 ஆயின் வடி இல்லை. 1 ஆயின் மேற்கூறிய கண்டிப்பான வடி. 2 ஆயின் நெகிழ்ந்த வடி, அஃதாவது எந்த இடைமுகத்தாலேனும் மறுமொழிக்கு வழி இருந்தாற் போதும். நெகிழ்ந்த வகை 2009 இல் வந்தது. கருனியின் இயல்பு நிலை 0 எனினும், லினக்ஸ் வெளியீடுகள் பல இயந்திரம் எழும்போதே இதனை மாற்றி வைக்கின்றன.

இவ்வடி வீணான கெடுபிடியன்று. அனுப்புவோன் முகவரியைப் பொய்யாக எழுதுதல் யூ.டி.பி.யில் மிக எளிது. பிறன் முகவரியைத் தன் முகவரியாக எழுதி வினா அனுப்பினால், விடைகள் யாவும் வினவாத அப்பிறன்மேற் குவியும். இவ்வாறு சேவையகங்களை மூழ்கடிப்போர் உளர். இதனைத் தடுத்தற்கு வலையமைப்பின் எல்லையிலேயே முகவரியைச் சோதிக்கவேண்டும் என்று 2000 ஆம் ஆண்டில் வந்த ஆர்.எஃப்.சி. 2827 வற்புறுத்தியது. ஒன்றுக்கு மேற்பட்ட வழிகளால் இணைந்திருப்போர்க்கு அச்சோதனை இடர் விளைக்கும் என்பதை உணர்ந்து, 2004 இல் ஆர்.எஃப்.சி. 3704 நெகிழ்ந்த வகைகளையும் எடுத்துரைத்தது. இத்தகைய பொருந்தா முகவரிப் பொதிகளை வலையமைப்பார் "செவ்வாய்க் கிரகத்தார்" என்று அழைப்பர். 1995 இல் வந்த ஆர்.எஃப்.சி. 1812 என்னும் கண்டிப்பான ஆவணத்திலும் அப்பெயர் தலைப்பாக ஏறியுள்ளது. அவர்களைப் பதிவேட்டில் எழுது என்று கருனியைப் பணித்தால், ஒவ்வொரு நிராகரிப்பும் ஒரு வரியாக எழுதப்படும். யான் பணித்தேன். தோட்டத்து உணரிகள் மூன்றும் செவ்வாய்க் கிரகத்தாராகப் பதிவாகியிருந்தன.

அவை அந்நிலையை அடைந்தது எங்ஙனம்? கூடத்துக் கணினிகள் கம்பி வழியாக 192.168.10 என்று தொடங்கும் வலையமைப்பில் இருந்தன. உணரிகளோ விஞ்ஞான கூடத்தின் பக்கத்தில் 192.168.20 என்று தொடங்கும் வலையமைப்பில் இருந்தன. இரண்டையும் ஒரு வழிச்செலுத்தி இணைத்தது. உணரியின் பொதி அவ்வழிச்செலுத்தியைக் கடந்து கம்பி வழியாகக் கணினியை அடைந்தது. இதுவரை இடர் இல்லை. ஆனால் ஒரு மாதத்துக்கு முன், கம்பி வழி இணையம் மெதுவாயிருந்தமையால், அக்கணினிக்குக் கம்பியில்லா இடைமுகம் ஒன்றையும் யானே பூட்டி, முகவரி தெரியாத இடங்களுக்கெல்லாம் அவ்வழியாற் செல் என்று அமைத்திருந்தேன். அன்றுமுதற் கணினிக்குத் தெரிந்த இடம் 192.168.10 மட்டுமே, 192.168.20 தெரியாத இடங்களுள் ஒன்று. ஆகவே உணரியின் பொதி கம்பியால் வந்தது. அதற்கு மறுமொழி செல்லும் வழியோ கம்பியில்லா இடைமுகம். கருனி இரண்டையும் ஒப்புநோக்கிற்று, பொருந்தவில்லை, எறிந்தது.

இப்போது மாணவன் சொன்ன சொல்லின் பொருள் விளங்கும். பக்கத்துக் கணினி 192.168.10 வலையமைப்பில் உள்ளது. அதன் பொதி கம்பியால் வந்தது. மறுமொழி வழியும் கம்பியே. ஆகவே ஏற்கப்பட்டது. ஒரே செய்நிரல், ஒரே துறை, ஒரே கணினி. அனுப்புவோன் இருக்கும் இடம் ஒன்றே வேறு. ஒன்றில் வாங்கி மற்றதில் வாங்காத செய்நிரல் குற்றமற்றது என்பதும், குற்றம் அனுப்புவோன் முகவரியைச் சார்ந்தது என்பதும் அவ்வொரு சொல்லிலேயே இருந்தன. விஞ்ஞான ஆசிரியர்கள் கட்டுப்பாட்டுச் சோதனை என்று மாணாக்கர்க்குக் கற்பிப்பது இதுவேயன்றோ? அதனை அவன் கேளாமலே செய்துகொண்டு வந்து என்முன் வைத்தான்.

இவ்வையத்தை உறுதிப்படுத்தற்குக் கட்டளை ஒன்று உண்டு. ஐ.பி. ரூட் கெற் என்று எழுதி அனுப்புவோன் முகவரியைக் கொடுத்தால், அம்முகவரிக்குச் செல்லக் கருனி எந்த இடைமுகத்தைத் தெரிவு செய்யும் என்று ஒரே வரியில் விடை வரும். உணரியின் முகவரியைக் கொடுத்தேன். கம்பியில்லா இடைமுகத்தின் பெயர் வந்தது. அரை நிமிட வேலை.

தீர்வு மூவகை. வடியை முற்றாக நீக்கல் ஒன்று, நெகிழ்ந்த வகைக்கு மாற்றல் ஒன்று, 192.168.20 வலையமைப்புக்கு உரிய வழி கம்பி வழியே என்று வழி அட்டவணையில் எழுதல் மற்றொன்று. முதலாவதை யான் ஒருபோதும் பரிந்துரையேன். காவலனைக் கொன்று கதவைத் திறத்தல் அது. மறுமொழி உண்மையாகவே வேறு வழியாற் செல்லவேண்டிய அமைப்புகளில் இரண்டாவது தக்கது. எம் அமைப்பில் அங்ஙனம் வேண்டியதில்லை. கணினிக்குத் தெரியவேண்டிய ஓர் உண்மை தெரியாதிருந்தது, அவ்வளவே. ஆகவே மூன்றாவதைக் கொண்டோம். இரண்டாவதைக் கொள்வோர்க்கு ஒரு குறிப்பு: இவ்வமைப்பு எல்லா இடைமுகத்துக்கும் பொதுவாக ஒன்றும், ஒவ்வோர் இடைமுகத்துக்குந் தனியாக ஒன்றும் இருக்கும், இரண்டனுட் பெரிய எண்ணே செல்லும். பொதுவில் 1 இருக்க, இடைமுகத்தில் 0 என்று எழுதிவிட்டு "மாற்றியும் பயனில்லை" என்று வருந்துவோர் உளர்.

குழுமுகவரிப் பொதிகளைப் பற்றி விரிப்பிற் பெருகும். 224 முதல் 239 வரையில் தொடங்கும் முகவரிக்கு அனுப்புவனவற்றைப் பெறச் செய்நிரல் அக்குழுவிற் சேர்தல் வேண்டும். சேரும்போது எந்த இடைமுகத்திற் சேர்வதென்றுங் கூறல் வேண்டும். கூறாவிடின் கருனி தானே ஒன்றைத் தெரியும். இரு இடைமுகமுள்ள கணினியில் அது பெரும்பாலும் நாம் கருதியதாய் இராது.

அட்டவணையில் வழியை எழுதியபின், மாணவன் முதலிற் எழுதிய பதினெட்டு வரிச் செய்நிரலை ஓரெழுத்தும் மாற்றாமல் மீண்டும் இயக்கினோம். பத்து வினாடி ஆகுமுன்னரே முதல் அளவீடு திரையில் விழுந்தது. தொடர்ந்து மற்றை இரண்டும் விழுந்தன. செயற்றிட்டப் பதிவில் யான் எழுதியிருந்ததை அவன்முன்னே வெட்டிப் புள்ளியைத் திருத்தினேன். அவன் அதனை நோக்கியதாகத் தெரியவில்லை. கணினியை அணைத்து ஏற்றினால் இவ்வழி நிலைக்குமா என்று கேட்டான். கட்டளையாற் சேர்த்த வழி நிலையாது. வலையமைப்பு அமைப்புக் கோப்பிலும் எழுதவேண்டும் என்றேன். எழுதி, அணைத்து, மீள ஏற்றிப் பார்த்துவிட்டே வீடு சென்றான்.